எங்கு கொண்டு போனாலும் ஓடுமா உங்கள் புரோகிராம்?

"ஸ்டாண்டர்டுக்கு உட்பட்டது" என்ற முத்திரைக்கு உண்மையான பொருள் என்ன?

"பையன் சி லாங்வேஜ் படிக்கிறான். வீட்டிலும் போட்டுப் பார்க்கட்டும்." வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்குகிற பலர் சொல்லும் காரணம் இது. கம்ப்யூட்டர் வந்தாயிற்று. கல்லூரி லேபில் ஒழுங்காக ஓடிய புரோகிராமை பென் டிரைவில் எடுத்து வந்து வீட்டில் கம்பைல் செய்தால் வரிசையாக எரர் வருகிறது. சில சமயம் எரரே வராது. ஆனால் விடை மாறிப் போகிறது. உடனே கம்ப்யூட்டர் மீது சந்தேகம். வைரஸ் இருக்குமோ, ராம் போதவில்லையோ என்று கடைக்காரருக்கு போன் செய்கிறோம்.

பெரும்பாலும் கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் இருக்காது. இரண்டு இடங்களிலும் இருப்பது சி கம்பைலர்தான். இரண்டு கம்பைலர்களின் கையேடுகளிலும் "ஸ்டாண்டர்ட் சி" என்ற சொல் இருக்கும். அப்படியானால் ஒரே புரோகிராம் ஏன் இரண்டு விதமாக நடந்து கொள்கிறது? "ஸ்டாண்டர்ட்" என்ற சொல் எதற்கு உத்தரவாதம் தருகிறது, எதற்குத் தரவில்லை என்று தெரிந்து கொண்டால் இந்தக் குழப்பம் தீரும். புரோகிராமிங் கற்கத் தொடங்கும்போதே இதைப் புரிந்து கொள்வது நல்லது. பின்னாளில் எழுதியதை எல்லாம் திருத்தி எழுதும் வேலை மிச்சம்.

ஒரு மொழி, பல கம்பைலர்கள்

நாம் எழுதும் சி புரோகிராமைக் கம்ப்யூட்டரின் பிராசசர் நேரடியாகப் புரிந்து கொள்ளாது. அதை மெஷின் மொழிக்கு மாற்றித் தரும் சாப்ட்வேர்தான் கம்பைலர். டர்போ சி, ஜிசிசி, கிளாங், மைக்ரோசாப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் எனப் பல கம்பைலர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எழுதியவர்கள் வேறு வேறு.

சி மொழியை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். 1973ல் யூனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியே சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. 1978ல் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து எழுதிய புத்தகம் வெளிவந்தது. பல ஆண்டுகளுக்கு அந்தப் புத்தகம்தான் சி மொழியின் இலக்கண நூலாக இருந்தது. ஆனால் புத்தகத்தில் தெளிவாகச் சொல்லாத இடங்களில் ஒவ்வொரு கம்பைலர் தயாரிப்பாளரும் தனக்குத் தோன்றியபடி செய்தார்.

இதைச் சரி செய்ய அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான ஆன்சி 1983ல் ஒரு குழுவை அமைத்தது. அதன் உழைப்பு 1989ல் ஆன்சி சி ஸ்டாண்டர்டாக வெளிவந்தது. மறு ஆண்டே, 1990ல், சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ அதை ஏற்றுக் கொண்டு 9899 என்ற எண்ணைக் கொடுத்தது. பிறகு 1999, 2011, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் புதிய பதிப்புகள் வந்தன. எனவே "சி ஸ்டாண்டர்ட்" என்று யாராவது சொன்னால், "எந்தப் பதிப்பு?" என்று கேட்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இரண்டு கையெழுத்து உள்ள ஒப்பந்தம்

ஸ்டாண்டர்டை ஒரு வாடகை ஒப்பந்தம் போல எண்ணிப் பாருங்கள். தண்ணீர் வரும், மின் இணைப்பு உண்டு என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுகிறார். சுவரை இடிக்க மாட்டேன் என்று குடியிருப்பவர் கையெழுத்துப் போடுகிறார். இப்போது உள்ள வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் வாசலில் ஸ்கூட்டர் நிறுத்த அனுமதிக்கிறார். ஐந்து வருடம் நிறுத்தினாலும் அது ஒப்பந்தத்தில் ஏறி விடாது. அடுத்த வீட்டில் போய், "அங்கே விட்டார்களே" என்று கேட்க முடியாது.

சி ஸ்டாண்டர்டிலும் இதே போல இரண்டு தரப்புகள் உண்டு. ஒரு பக்கம் கம்பைலர். ஸ்டாண்டர்டில் உள்ளவற்றை மட்டும் நம்பி எழுதிய புரோகிராமை அது ஏற்றுக் கொண்டு, ஸ்டாண்டர்ட் சொன்னபடி இயக்க வேண்டும். அதற்கு மேல் சொந்தமாகப் பல வசதிகளைச் சேர்த்துத் தரவும் கம்பைலருக்கு உரிமை உண்டு. ஒழுங்கான புரோகிராம்களின் நடத்தையை அவை மாற்றக் கூடாது, அவ்வளவுதான். மறுபக்கம் நீங்கள். ஒப்பந்தத்தில் இல்லாத எதையும் நம்பி எழுதக் கூடாது.

பலரும் தவறாகப் புரிந்து கொள்வது இங்கேதான். கம்பைலர் ஸ்டாண்டர்டுக்கு உட்பட்டது என்றால் அது தன் பங்கைச் செய்கிறது என்று மட்டுமே பொருள். அதில் கம்பைல் ஆன உங்கள் புரோகிராம் மற்ற இடங்களிலும் ஓடும் என்று பொருள் அல்ல. ஸ்டாண்டர்ட் ஆவணமே புரோகிராம்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஏதாவது ஒரு ஒழுங்கான கம்பைலர் ஏற்றுக் கொண்டாலே போதும், அது "உட்பட்ட புரோகிராம்" ஆகி விடும். எல்லா இடத்திலும் ஒரே விடை தரக் கூடிய "கண்டிப்பாக உட்பட்ட புரோகிராம்" என்பது தனி வகை. எங்கும் எடுத்துச் செல்ல உதவுவது இந்த இரண்டாவது வகைதான். வெறுமனே "உட்பட்டது" என்று சொன்னால் அது மிகச் சிறிய பாராட்டு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எழுத்திலக்கண விதியை மீறினால் கம்பைலர் ஒரு செய்தியாவது காட்ட வேண்டும் என்று ஸ்டாண்டர்ட் கேட்கிறது. எல்லாத் தவறுகளுக்கும் அப்படிக் கேட்கவில்லை. எனவே எரர் வரவில்லை என்பதை நற்சான்றிதழாக எடுத்துக் கொள்ள முடியாது.

டர்போ சி கற்றுத் தந்த பழக்கங்கள்

இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் சி என்றாலே நீல நிறத் திரையுடன் வரும் டர்போ சி பிளஸ் பிளஸ்தான் நினைவுக்கு வரும். போர்லேண்ட் நிறுவனம் டாஸ் இயங்கும் கம்ப்யூட்டர்களுக்காக 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட கம்பைலர் அது. அந்தக் காலத்துக்கு அருமையான சாப்ட்வேர். வேகமானது, எடிட்டர், கம்பைலர், உதவிக் குறிப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதிலேயே பழகினார்கள். அதன் சொந்த வசதிகளையே சி மொழி என்று நினைத்துக் கொண்டார்கள்.

உதாரணமாக, முதல் வரியில் கோனியோ ஹெடர் பைலைச் சேர்ப்பது, திரையைத் துடைக்க கிளியர் ஸ்கிரீன் பங்ஷனை அழைப்பது, கடைசியில் ஒரு கீ அழுத்தும் வரை காத்திருக்க கெட்ச் பங்ஷனைப் போடுவது. இவை எதுவும் சி ஸ்டாண்டர்டில் இல்லை. லினக்ஸில் ஜிசிசி கொண்டு கம்பைல் செய்தால் "அப்படி ஒரு ஹெடர் பைல் இல்லை" என்று முதல் வரியிலேயே நின்று விடும். கோடு, வட்டம் வரைய உதவிய கிராபிக்ஸ் ஹெடர் பைலும் இதே வகைதான். மெயின் பங்ஷனுக்கு முன்னால் வாய்ட் என்று எழுதும் பழக்கமும் அப்படியே. ஸ்டாண்டர்ட் எல்லாக் கம்பைலர்களுக்கும் பொதுவாகச் சொல்லும் வடிவங்களில் மெயின் ஓர் இன்ட் மதிப்பைத் திருப்பித் தர வேண்டும். சி பிளஸ் பிளஸ் மொழிக்கோ முதல் சர்வதேச ஸ்டாண்டர்ட் 1998ல்தான் வந்தது. அதற்கு முன்பே வந்த கம்பைலரில் பழகிய ஹெடர் பெயர்கள் இன்றைய கம்பைலர்களில் எடுபடாமல் போவதில் வியப்பில்லை.

டர்போ சி 16 பிட் டாஸ் சாப்ட்வேர். 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக இயங்காது. டாஸ்பாக்ஸ் போன்ற சாப்ட்வேர் மூலம் பழைய டாஸ் சூழலைப் போலியாக உருவாக்கித்தான் அதை இயக்க முடியும். "புதுக் கம்ப்யூட்டரில் டர்போ சி ஏன் ஓடவில்லை?" என்ற கேள்விக்கு விடை இதுதான்.

பேக்டோரியல் சொல்லும் கதை

எரர் வந்து நின்றால் பரவாயில்லை. திருத்தி விடலாம். சத்தமில்லாமல் விடை மாறுவதுதான் ஆபத்து. லேபில் எல்லோரும் எழுதும் பேக்டோரியல் புரோகிராமை எடுத்துக் கொள்வோம். ஒன்றில் தொடங்கி ஒவ்வொரு எண்ணாகப் பெருக்கிக் கொண்டே போவதுதான் பேக்டோரியல்.

விடையை இன்ட் வகை வேரியபிளில் வைத்தால், டர்போ சியில் 7 வரை சரியாக வரும், 5040. 8க்கு 40320 வர வேண்டும். ஆனால் திரையில் தெரிவது -25216. காரணம், டர்போ சியில் ஓர் இன்ட் 16 பிட் அளவே. அதில் 32767க்கு மேல் கொள்ளாது.

அதே புரோகிராமை இன்றைய விண்டோஸ் அல்லது லினக்ஸ் கம்பைலரில் ஓட்டினால் 8க்கு 40320 சரியாகவே வரும். இங்கே இன்ட் 32 பிட். 12 வரை பிரச்னை இல்லை. 13க்கு 6227020800 வர வேண்டும். வழக்கமாக வருவது 1932053504. இங்கே மைனஸ் குறி கூட இல்லை. பார்த்தால் சரியான விடை போலவே இருக்கும். கம்பைலர் ஓர் எச்சரிக்கையும் தந்திருக்காது.

சரி, லாங் வகை வேரியபிள் போட்டால்? 64 பிட் லினக்ஸில் 13க்குச் சரியான விடை வரும். 64 பிட் விண்டோஸில் பழைய தவறான விடையே வரும். இரண்டும் 64 பிட் சிஸ்டம்தான். ஆனாலும் விண்டோஸில் லாங் 32 பிட், லினக்ஸில் 64 பிட்.

அளவுகள் ஒரு பார்வை:

டர்போ சி, டாஸ்: இன்ட் 16 பிட், லாங் 32 பிட்
64 பிட் விண்டோஸ்: இன்ட் 32 பிட், லாங் 32 பிட்
64 பிட் லினக்ஸ்: இன்ட் 32 பிட், லாங் 64 பிட்
ஸ்டாண்டர்ட் கேட்பது: இன்ட் குறைந்தது 16, லாங் குறைந்தது 32, லாங் லாங் குறைந்தது 64 பிட்

கடைசி வரியைக் கவனியுங்கள். மேலே உள்ள மூன்றுமே அந்த வரிக்கு உட்பட்டவைதான். இந்த அளவு விஷயத்தில் யாரும் ஸ்டாண்டர்டை மீறவில்லை. இன்ட் 32 பிட் இருக்கும் என்று தானாக நம்பிய புரோகிராம்தான் ஒப்பந்தத்துக்கு வெளியே போய்விட்டது. 1999 பதிப்பில் வந்த லாங் லாங் வகையைப் பயன்படுத்தினால் 20ன் பேக்டோரியல் வரை எந்த ஒழுங்கான கம்பைலரிலும் சரியான விடை கிடைக்கும். 21க்கு இடம் போதும் என்ற உத்தரவாதம் இல்லை.

ஏன் இப்படி இடைவெளி விட்டார்கள்?

இவ்வளவு குழப்பம் எதற்கு, எல்லா அளவுகளையும் ஸ்டாண்டர்டே நிர்ணயித்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். 1978 புத்தகத்தில் ஒரு சிறு அட்டவணை உண்டு. சி மொழி உருவான பிடிபி-11 கம்ப்யூட்டரில் ஒரு கேரக்டர் 8 பிட், இன்ட் 16 பிட். ஹனிவெல் 6000 கம்ப்யூட்டரில் கேரக்டர் 9 பிட், இன்ட் 36 பிட். ஐபிஎம் 370ல் இன்ட் 32 பிட். இவை எல்லாவற்றிலும் வேகமாக ஓட வேண்டும் என்றால், அந்தந்த பிராசசருக்கு இயல்பான அளவை வைத்துக் கொள்ள அனுமதிக்க வேண்டும். அதனால்தான் குறைந்த அளவை மட்டும் சொல்லி விட்டு, மீதியைக் கம்பைலரிடம் விட்டார்கள்.

இப்படி விடப்பட்ட இடங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கம்பைலர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் என்ன முடிவு என்பதைக் கையேட்டில் எழுத வேண்டும். இன்ட் அளவு இந்த வகை. கேரக்டர் வகைக்கு மைனஸ் மதிப்பு உண்டா இல்லையா என்பதும் இந்த வகை. வழக்கமான பிசிக்களில் மைனஸ் உண்டு. ராஸ்ப்பெர்ரி பை போன்ற ஏஆர்எம் பிராசசர் கொண்ட லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஜிசிசி மைனஸ் இல்லாமல் வைத்துக் கொள்கிறது. பைல் முடிந்து விட்டது என்பதைக் கெட்சார் பங்ஷன் ஒரு மைனஸ் எண்ணால்தான் தெரிவிக்கும். அந்த விடையைக் கேரக்டர் வேரியபிளில் வாங்கினால் பிசியில் பெரும்பாலும் ஓடி விடும். ராஸ்ப்பெர்ரி பையில் பைல் முடிந்ததே தெரியாமல் சுற்றிக் கொண்டே இருக்கும். கெட்சார் தருவது இன்ட் என்று ஸ்டாண்டர்ட் தெளிவாகச் சொல்கிறது. இன்ட் வேரியபிளில் வாங்கியவருக்கு இரண்டு இடத்திலும் தொல்லை இல்லை.

இரண்டாவது வகை, பல வழிகளில் ஒன்றைக் கம்பைலர் தேர்ந்தெடுக்கலாம். எது என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பங்ஷனுக்குத் தரும் இரண்டு மதிப்புகளில் எதை முதலில் கணக்கிடுவது என்பது இந்த வகை.

மூன்றாவது வகைதான் மிக ஆபத்தானது. இங்கே ஸ்டாண்டர்ட் எந்தப் பொறுப்பும் ஏற்காது. என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். 10 இடமுள்ள அர்ரேயில் 11வது இடத்தில் எழுதுவது, மைனஸ் உள்ள முழு எண் அதன் எல்லையைத் தாண்டுவது எல்லாம் இதில் சேரும். மேலே பார்த்த பேக்டோரியலில் வந்த -25216 என்ற விடைக்குக் கூட ஸ்டாண்டர்டில் உத்தரவாதம் இல்லை.

கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் மாணவர்கள் கவனிக்க. "அ என்ற வேரியபிளில் 5 உள்ளது. ++அ + ++அ என்பதன் விடை என்ன?" என்ற மாதிரிக் கேள்விகள் பல வினாத்தாள்களிலும் வழிகாட்டிப் புத்தகங்களிலும் வருகின்றன. ஜிசிசியில் பொதுவாக 14 வரும். கிளாங்கில் 13 வரும். இரண்டில் எது சரி என்று விவாதிப்பதில் பயன் இல்லை. ஒரே வேரியபிளை ஒரே கணக்கில் வரிசை நிச்சயமில்லாமல் இரு முறை மாற்றுவது இந்த மூன்றாம் வகை. "இதற்கு ஸ்டாண்டர்டில் விடை இல்லை" என்பதே சரியான விடை. தேர்வுத்தாளில் ஒரு விடையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள். உண்மையான புரோகிராமில் மட்டும் இப்படி எழுதாதீர்கள்.

ஸ்கேன்எஃப் போட்ட பிறகு மிச்சம் நிற்கும் என்டர் கீயை அகற்ற, கீபோர்டு இன்புட் மீது எஃப்ஃபிளஷ் பங்ஷனைப் பயன்படுத்தும் பழக்கமும் நம் ஊரில் அதிகம். எஃப்ஃபிளஷ் வெளியே அனுப்பும் தகவலுக்கானது. இன்புட் மீது பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று சி ஸ்டாண்டர்ட் சொல்லவில்லை. விண்டோஸில் மைக்ரோசாப்ட் கம்பைலர் பல ஆண்டுகள் அதை நினைத்தபடி செய்து கொடுத்தது. விஷுவல் ஸ்டுடியோ 2015ல் இருந்து அது எதுவும் செய்வதில்லை. அதே விண்டோஸ், அதே நிறுவனம், புதிய பதிப்பு. பழைய புரோகிராம்கள் தடுமாறின. வாசலில் ஸ்கூட்டர் நிறுத்த விட்ட வீட்டுக்காரர் மனம் மாறிய கதைதான்.

சான்றிதழ் வேறு, பயன் வேறு

ஸ்டாண்டர்டுக்கு உட்படுவது என்பது மொழிக்கு மட்டும் உரியது அல்ல. பைல்களைத் திறப்பது, புதிய புரோகிராமை இயக்குவது போன்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேலைகளுக்காக 1988ல் பாசிக்ஸ் என்ற ஸ்டாண்டர்ட் வந்தது. அதற்கு உட்பட்ட சிஸ்டங்களையே வாங்க வேண்டும் என்று அமெரிக்க அரசு தன் துறைகளின் பல கொள்முதல்களுக்கு விதி வைத்தது. 1993ல் வெளிவந்த விண்டோஸ் என்டி அதற்காகவே ஒரு பாசிக்ஸ் பகுதியைச் சேர்த்துக் கொண்டது. விதி கேட்ட அடிப்படைப் பகுதி அதில் இருந்தது. ஆனால் அதில் ஓடும் புரோகிராம் திரையில் விண்டோக்களைத் திறக்க முடியாது. நெட்வொர்க்கில் பேச முடியாது. அந்த அடிப்படைப் பகுதி இவற்றைக் கேட்கவும் இல்லை. விதியின் எழுத்துக்கு உட்பட்டாயிற்று. ஆனால் யூனிக்ஸில் இருந்து பெரிய சாப்ட்வேர்களைக் கொண்டு வர விரும்பியவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. 2001ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அந்தப் பகுதி நீக்கப்பட்டது.

மறுபக்கம் லினக்ஸைப் பாருங்கள். பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகள் யூனிக்ஸ் சான்றிதழ் வாங்கியதே இல்லை. ஆனால் யூனிக்ஸுக்காக எழுதிய புரோகிராம்கள் சிறு மாற்றங்களுடனோ மாற்றமே இல்லாமலோ அதில் ஓடுகின்றன. சான்றிதழ் தேவையில்லை என்று இதற்குப் பொருள் அல்ல. எந்தப் பகுதிக்கு, எந்தப் பதிப்புக்கு, எதை எல்லாம் விட்டுவிட்டு என்று கேட்காமல் "உட்பட்டது" என்ற முத்திரையை மட்டும் பார்க்கக் கூடாது என்பதே பாடம்.

ஸ்டாண்டர்டில் இருந்தால் நல்லதா?

இதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ஒரு வரியைப் படித்துத் தரும் கெட்ஸ் பங்ஷன் 1989 ஸ்டாண்டர்டிலேயே இருந்தது. எத்தனை எழுத்து வரை படிக்கலாம் என்று அதற்குச் சொல்ல வழியே இல்லை. 20 எழுத்துக்கு இடம் வைத்து விட்டு யாராவது 200 எழுத்து அடித்தால், மீதி பக்கத்தில் உள்ள நினைவகத்தில் போய் விழும். 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மாரிஸ் வோர்ம், யூனிக்ஸ் சிஸ்டங்களில் இருந்த ஃபிங்கர் என்ற சேவையில் இந்த ஓட்டையையும் பயன்படுத்தித்தான் நுழைந்தது. அதன் பிறகும் கெட்ஸ் ஸ்டாண்டர்டில் தொடர்ந்தது. 2011 பதிப்பில்தான் அதை அடியோடு நீக்கினார்கள். இன்று அளவு சொல்ல வசதியுள்ள எஃப்கெட்ஸ் பங்ஷனையே பயன்படுத்த வேண்டும். எங்கும் ஓடும் என்பது ஒன்று, பாதுகாப்பானது என்பது வேறு.

தமிழில் எழுதுபவர்களுக்கும் ஒரு குறிப்பு. ஸ்ட்ரிங்கின் நீளத்தைச் சொல்லும் பங்ஷனிடம் "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்தால், யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் 15 என்று சொல்லும். நமக்குத் தெரியும் எழுத்துகள் த, மி, ழ் என மூன்று. யுனிகோடில் அது ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பங்ஷன் தவறு செய்யவில்லை. சி ஸ்டாண்டர்ட் "கேரக்டர்" என்று சொல்வது பைட்டைத்தான், நம் எழுத்தை அல்ல. பெயர்களை எழுத்து எண்ணி வெட்டும் புரோகிராம் ஆங்கிலத்தில் சரியாக ஓடி, தமிழில் பாதி எழுத்தோடு நிற்பது இதனால்தான்.

முழுக்க ஸ்டாண்டர்டிலேயே எழுத முடியுமா?

முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. சி ஸ்டாண்டர்டுக்கு மவுஸ் தெரியாது, வண்ணம் தெரியாது, நெட்வொர்க் தெரியாது. திரையைத் துடைக்கக் கூட அதில் வழி இல்லை. பயனுள்ள எந்தப் புரோகிராமும் எங்காவது ஓரிடத்தில் ஸ்டாண்டர்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எந்த வரியில் தாண்டுகிறோம் என்று தெரிந்து தாண்டினால் போதும். வட்டி கணக்கிடும் பகுதி, மதிப்பெண் கூட்டும் பகுதி, பைலில் எழுதும் பகுதி ஆகியவை ஸ்டாண்டர்டுக்குள் இருக்கட்டும். திரை, கீபோர்டு சம்பந்தப்பட்டவை தனி பைலில் இருக்கட்டும். வேறு சிஸ்டத்துக்கு மாறும்போது அந்த ஒரு பைலை மட்டும் மாற்றினால் போதும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. இரண்டு கம்பைலர்களை வைத்துக் கொள்ளுங்கள். ஜிசிசி, கிளாங் இரண்டும் இலவசம். ஒன்று கண்டு கொள்ளாத தவற்றை மற்றொன்று பிடித்து விடும்.

2. எந்த ஸ்டாண்டர்ட் பதிப்பு என்பதைக் கம்பைலரிடம் சொல்லுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் ஜிசிசி தன் சொந்த வசதிகளையும் சேர்த்துக் கொண்டுதான் இயங்கும். "பெடான்டிக்" என்ற ஆப்ஷன் தந்தால், ஸ்டாண்டர்டைத் தாண்டும் பல இடங்களை அதுவே சுட்டிக் காட்டும்.

3. எச்சரிக்கை செய்திகளை முழுமையாக வரச் செய்யுங்கள். வார்னிங்தானே, எரர் இல்லையே என்று விட்டு விடாதீர்கள்.

4. அளவு முக்கியம் என்றால் ஊகிக்காதீர்கள். லிமிட்ஸ் ஹெடர் பைலில் உங்கள் கம்பைலரின் எல்லைகள் உள்ளன. இத்தனை பிட் வேண்டும் என்று கேட்டு வாங்க, 1999 பதிப்பில் வந்த ஸ்டாண்டர்ட் இன்ட் ஹெடர் பைல் உதவும்.

5. ஜிசிசி, கிளாங் இரண்டிலும் "சானிட்டைசர்" என்ற வசதி உண்டு. எண் எல்லை மீறுவது, அர்ரேக்கு வெளியே போவது போன்ற மூன்றாம் வகைத் தவறுகள் பலவற்றைப் புரோகிராம் ஓடும்போதே காட்டும்.

6. புத்தகம் வாங்கும்போது அது எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று பாருங்கள். முதல் உதாரணத்திலேயே கோனியோ ஹெடர் பைல் இருந்தால், அது ஒரு கம்பைலரைச் சொல்லித் தரும் புத்தகம் என்று புரிந்து கொள்ளலாம்.

இது மாணவர்களின் லேப் மதிப்பெண்ணோடு முடியும் விஷயம் அல்ல. நேரத்தைக் காட்டும் வேரியபிள் எத்தனை பிட் என்று சி ஸ்டாண்டர்ட் சொல்லவில்லை. பல பழைய சிஸ்டங்கள் 1970 ஜனவரி 1ல் இருந்து எண்ணும் வினாடிகளை 32 பிட்டில் வைத்தன. அந்த இடம் 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியோடு நிறைந்து விடும். அடுத்த வினாடி, அந்த சிஸ்டங்களில் தேதி 1901க்குப் போய் விடக் கூடும். நேரம் எப்போதும் 32 பிட்டில் அடங்கும் என்று நம்பி எழுதிய வரிகளை உலகம் முழுவதும் புரோகிராமர்கள் தேடித் தேடித் திருத்தி வருகிறார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் இன்று மாலையே ஒரு சோதனை செய்து பாருங்கள். பேக்டோரியல் புரோகிராமை இன்ட், லாங், லாங் லாங் என மூன்று வகையிலும் எழுதி 1 முதல் 25 வரை ஓட்டுங்கள். ஒவ்வொரு விடையையும் கால்குலேட்டரோடு ஒப்பிடுங்கள். எந்த எண்ணில் விடை தவறத் தொடங்குகிறது என்று குறித்துக் கொண்டு, அதற்கு முன் கம்பைலர் ஏதாவது எச்சரித்ததா என்றும் பாருங்கள்.